டெல்லி கார் ஊருக்கு வருகிறது: லாரியில் ஏற்றும் முன் பத்து நிமிடம்!

பெரம்பலூரைத் தாண்டிச் சென்னை நோக்கி வந்தால், நெடுஞ்சாலையை ஒட்டியே வாலிகண்டபுரம். வாலி வழிபட்டதாகச் சொல்லப்படும் வாலீஸ்வரர் கோயில் இருக்கும் ஊர். சாலையோர டீக்கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், பெட்டிபோல் மூடிய நீளமான டிரெய்லர் லாரிகள் கடந்து போவதைப் பார்க்கலாம். உள்ளே ஏழெட்டு கார்கள் இருக்கும். எல்லாம் ஷோரூமுக்குப் போகும் புது கார்கள் என்றுதான் நினைப்போம். சில நேரம் அவற்றுக்கு நடுவே டெல்லி நம்பர் பிளேட்டோடு, பின் கண்ணாடியில் பிள்ளையார் ஸ்டிக்கரோடு ஒரு பழைய காரும் இருக்கும். அது ஏதோ ஒரு வீட்டுக் கார். குளிர்காலத்துக்கு ஊருக்கு வருகிறது.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். வேலைக்காக டெல்லிக்குப் போய், அங்கேயே ஓய்வு பெற்ற பெரியவர். வயது 71. மனைவிக்கு மூச்சிரைப்பு. நவம்பர் பிறந்தால் டெல்லியில் புகைமூட்டம், ஜன்னலைத் திறக்க முடியாது. அதனால் கார்த்திகை முதல் மாசி வரை சொந்த ஊரான வாலிகண்டபுரத்தில் இருப்பது என்று முடிவு செய்கிறார்கள். தம்பதிக்கு ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. மிச்சம் இருப்பது கார்.

"நானே ஓட்டிட்டு வந்துடறேன். மூணு நாள்தானே!" என்கிறார் பெரியவர்.

"அப்பா, போன மாசம் முதுகு வலின்னு எட்டு நாள் படுத்துக் கிடந்தது யாரு?" என்கிறாள் பெங்களூரில் இருக்கும் மகள்.

"அந்த வண்டி இல்லைன்னா அங்க உங்கம்மாவை யார் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது? ராத்திரி பன்னண்டு மணிக்கு டாக்ஸி வருமா?"

அவர் கேட்பதும் நியாயம்தான். பெருநகரத்தில் செல்போனைத் தட்டினால் வாசலுக்கு டாக்ஸி வரும். கிராமத்தில் தெரிந்த டிரைவர் தூக்கத்திலிருந்து எழுந்தால்தான் வண்டி. வயதானவர்கள் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்க, வாசலில் ஒரு கார் நிற்பது பெரிய தைரியம். அந்தக் காரை எப்படிக் கொண்டு வருவது என்பதுதான் கேள்வி.

ஓட்டி வந்தால் என்ன கணக்கு?

டெல்லியிலிருந்து வாலிகண்டபுரம் 2,400 கிலோமீட்டருக்கு மேல். ஆக்ரா, குவாலியர், ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத் என்று பெரும்பகுதி தேசிய நெடுஞ்சாலை 44-லேயே வரலாம். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும் டீசல் கார் என்றால் சுமார் 150 லிட்டர். இன்றைய விலையில் ஏறக்குறைய 14,000 ரூபாய்.

டோல் செலவுக்கு இப்போது ஒரு நல்ல வழி இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்த உபயோகக் கார்களுக்கு ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் தருகிறார்கள்; தொடங்கியபோது அதன் விலை 3,000 ரூபாய். ஓராண்டு அல்லது 200 முறை, இதில் எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். தேசிய நெடுஞ்சாலை, தேசிய விரைவுச் சாலை டோல்களில் மட்டுமே இது செல்லும். போக வர இரண்டு பயணத்துக்கும் தாராளமாகப் போதும்.

ஆக, இளைஞர்கள் இருவர் மாற்றி மாற்றி ஓட்டுவதாக இருந்தால், வழியில் மூன்று இரவு தங்கும் செலவைச் சேர்த்தாலும் ஓட்டி வருவதில் தவறில்லை. 71 வயதில் தனி ஆளாக ஓட்டுவது வேறு விஷயம். வட இந்தியக் குளிர்கால விடியலில் மூடுபனி இறங்கினால் பத்தடி தூரத்தில் நிற்கும் லாரி கண்ணுக்குத் தெரியாது. டீசலிலும் டோலிலும் மிச்சம் பிடிக்கும் காசு அந்த அபாயத்துக்கு ஈடாகாது. இந்த விஷயத்தில் மகள் சொல்வதுதான் சரி.

ரயிலில் ஏற்ற முடியாதா?

பைக்கை ரயில் பார்சலில் அனுப்புவது நமக்குப் பழக்கம். பெட்ரோலை வடித்துவிட்டு, சாக்கு சுற்றி, ஆர்.சி. நகல் கொடுத்தால் போதும். அதேபோல் காரையும் அனுப்பலாமே என்று பலர் நினைப்பதுண்டு. கார்களுக்கென்றே தனி சரக்கு ரயில்கள் ஓடுவது உண்மைதான். ஆனால், அவை கார் கம்பெனிகள் மொத்தமாகப் புது வண்டிகளை அனுப்பும் ரயில்கள். ஒற்றைக் காரை வைத்திருக்கும் தனிநபருக்கு நடைமுறையில் அவை உதவுவதில்லை. போதாக்குறைக்கு, பெரம்பலூர் நகருக்கு ரயில் நிலையமே கிடையாது. அரியலூருக்கோ திருச்சிக்கோதான் போக வேண்டும்.

ஒரே ஒரு புது முயற்சியைச் சொல்ல வேண்டும். கொங்கண் ரயில்வே 1999-லிருந்து சரக்கு லாரிகளை அப்படியே ரயில் மேல் ஏற்றிக் கொண்டு போகிறது. அதே முறையைச் சொந்தக் கார்களுக்கும் 2025 ஆகஸ்ட் 23-ல் தொடங்கியது. விநாயகர் சதுர்த்திக்கு மும்பைவாசிகள் தெற்கே சொந்த ஊருக்குப் படையெடுக்கும் நேரம் அது. மகாராஷ்டிராவின் கோலாடில் காரை ஏற்றினால், கோவாவின் வெர்ணாவில் இறக்கிக் கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அப்போது ஒரு காருக்குக் கட்டணம் 7,875 ரூபாய். ஒரு ரயிலில் 40 கார்கள் ஏறும். குறைந்தது 16 கார்களாவது பதிவானால்தான் ரயில் கிளம்பும் என்றார்கள். காருக்குச் சொந்தக்காரர்களும் அதே ரயிலில் தனி டிக்கெட் எடுத்து வரலாம்.

அமெரிக்காவில் இது பழைய பழக்கம். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து ஃபுளோரிடாவுக்கு இடம்பெயரும் முதியவர்களைப் பனிப்பறவைகள் என்றே அங்கே அழைக்கிறார்கள். வாஷிங்டனுக்கு அருகே உள்ள லார்ட்டனில் காரோடு போய் 'ஆட்டோ டிரெயின்' ஏறினால், ஒரு ராத்திரி கழித்து ஃபுளோரிடாவின் சான்ஃபோர்டில் காரோடு இறங்கலாம். சுமார் 1,375 கிலோமீட்டர். ஆம்ட்ராக் ரயில் நிறுவனம் 1983-லிருந்து இதை நடத்துகிறது.

டெல்லிக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே நம் காருக்கு அப்படி ஒரு ரயில் வரும்வரை டிரெய்லர் லாரிதான் வழி.

லாரிக்காரர்களின் கணக்கு

டெல்லியை ஒட்டிய குருகிராம், மானேசரில் மாருதி தொழிற்சாலைகள். சென்னையை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை. அங்கிருந்து இங்கும், இங்கிருந்து அங்குமாகப் புது கார்களை ஏற்றிய டிரெய்லர்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. காலி இடம் இருந்தால், திரும்பும் லோடு தேவைப்பட்டால், நம்மைப் போன்றவர்களின் பழைய காரையும் ஏற்றிக் கொள்வார்கள்.

இதைப் புரிந்துகொண்டால் இரண்டு விஷயங்கள் விளங்கும். ஒன்று, நம் ஒருவர் காருக்காக லாரி கிளம்பாது. லோடு சேரும் வரை யார்டில் காத்திருக்கும். "அஞ்சு நாளில் வந்துடும் சார்" என்பது லாரி ஓடும் நாட்கள் மட்டுமே. காத்திருக்கும் நாட்கள் அதில் சேராது. எனவே, மனைவியின் மருத்துவப் பரிசோதனை 10-ம் தேதி என்றால், கார் 9-ம் தேதி வரும் என்று நம்பித் திட்டம் போடக் கூடாது. இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும்.

இரண்டாவது, டோர் டெலிவரி என்ற வார்த்தை. அவ்வளவு நீள டிரெய்லர் ஊருக்குள் தெருவில் திரும்பாது. மின்கம்பி இடிக்கும். பெரும்பாலும் சென்னையை ஒட்டிய யார்டில் இறக்கி, அங்கிருந்து ஒரு டிரைவர் ஓட்டி வந்து வாசலில் விடுவார். அப்படியென்றால், அந்த 250 கிலோமீட்டருக்கு உங்கள் காரை முகம் தெரியாத ஒருவர் ஓட்டுகிறார். அது வேண்டாம் என்றால், யார்டிலேயே நம் ஆள் போய் எடுத்துக்கொள்வதாக முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளலாம். இரண்டில் எது என்று பேசும்போதே தெளிவாகக் கேட்டுவிட வேண்டும்.

ரசீதில் ஒளிந்திருக்கும் பத்து மடங்கு

பேசி முடித்ததும் எல்.ஆர். எனப்படும் லாரி ரசீது ஒன்றைத் தருவார்கள். பெரும்பாலோர் தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொள்வார்கள். படிக்க வேண்டியது அதன் மற்ற வரிகளைத்தான்.

சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கென 2007-ல் ஒரு சட்டம் வந்தது. 2011-ல் அதற்கான விதிகளும் அமலுக்கு வந்தன. அதன்படி, பொருளின் மதிப்பைச் சொல்லி, அதற்கான கூடுதல் கட்டணத்துக்கு நீங்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால், சேதத்துக்கு லாரி நிறுவனத்தின் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்கோடு முடிந்துவிடும். வாடகை 22,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கார் 5 லட்சம் பெறும் என்றாலும், அவர்கள் பொறுப்பு 2,20,000 ரூபாய்வரைதான். வாடகையைப் பேரம் பேசிக் குறைக்கக் குறைக்க இந்தத் தொகையும் குறையும்!

எனவே, காரின் இன்றைய மதிப்பை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். காப்பீட்டு பாலிசியில் இருக்கும் ஐ.டி.வி. தொகையை எழுதுவது எளிது. மதிப்பை எழுதினால் மட்டும் போதாது. அந்த மதிப்புக்குப் பொறுப்பேற்கக் கூடுதலாக எவ்வளவு என்று கேட்டு, அதையும் ரசீதில் சேர்க்கச் சொல்லுங்கள். 'உரிமையாளர் பொறுப்பில்' என்ற பொருளில் ஏதாவது அச்சடித்திருந்தால், கையெழுத்துப் போடும் முன் என்ன அர்த்தம் என்று கேளுங்கள்.

பலருக்கும் தெரியாத இன்னொரு விஷயம். உங்கள் காருக்கு நீங்கள் எடுத்திருக்கும் முழுக் காப்பீட்டு பாலிசியைப் புரட்டிப் பாருங்கள். வழக்கமான பாலிசியில், கார் சாலை, ரயில், நீர்வழி, விமானம் மூலம் கொண்டு செல்லப்படும்போது ஏற்படும் சேதத்துக்கும் பாதுகாப்பு உண்டு. தேர்ட் பார்ட்டி பாலிசியில் இது கிடையாது. எனவே, கார் கிளம்பும் முன் பாலிசி முடிகிறதா என்று தேதியைப் பார்ப்பது முதல் வேலை. இந்த பாலிசியில் கிளெய்ம் செய்தால் அடுத்த ஆண்டு நோ கிளெய்ம் போனஸ் போய்விடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். லாரி நிறுவனம் 'டிரான்சிட் இன்ஷூரன்ஸ்' என்று தனியாகப் பணம் கேட்டால் தரலாம். உங்கள் கார் எண் போட்ட காப்பீட்டுச் சான்றிதழ் கைக்கு வர வேண்டும். பில்லில் ஒரு வரி எழுதுவது காப்பீடு ஆகாது.

அந்தப் பத்து நிமிடம்

சாவியைக் கொடுக்கும் நேரத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். டிரைவர் கீழே ஹாரன் அடிப்பார். "அவருக்கு நேரமாகுதாம், சீக்கிரம் கொடுத்து அனுப்புங்க" என்று வீட்டுக்குள்ளிருந்தும் குரல் வரும். அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

காரை முதல் நாளே கழுவி வைத்துவிட வேண்டும். தூசுக்கு அடியில் இருக்கும் கீறல் போட்டோவில் தெரியாது. பகல் வெளிச்சத்தில் நான்கு பக்கமும் மேற்கூரையும் டயர்களும் தெரியும்படி வீடியோ எடுங்கள். கிலோமீட்டர் மீட்டரையும் டீசல் முள்ளையும் தனியாக ஒரு போட்டோ. ஏற்கெனவே உள்ள கீறல்களை ரசீதில் குறித்து, டிரைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். டிரெய்லரின் நம்பர் பிளேட்டையும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

டீசல் கால் டேங்க் போதும். காருக்குள் எதுவும் வைக்கக் கூடாது. 'எப்படியும் ஊருக்குத்தானே போகுது' என்று டிக்கியில் கம்பளி, மிக்ஸி, பித்தளைக் குத்துவிளக்கு எல்லாம் வைத்து அனுப்புவார்கள். ரசீதில் இல்லாத பொருளுக்கு யாரும் பொறுப்பில்லை. ஒரிஜினல் ஆர்.சி.யும் இரண்டாவது சாவியும் உங்களிடமே இருக்கட்டும். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று ஆகியவற்றின் நகல் மட்டும் கொடுங்கள்.

ஃபாஸ்டேக் கணக்கோடு இணைத்த செல்போன் எண்ணையும் கவனித்துக்கொண்டிருங்கள். கார் லாரி மேல் இருக்க வேண்டிய நேரத்தில் டோலில் பணம் பிடித்ததாகக் குறுஞ்செய்தி வந்தால், உடனே போன் செய்து கேளுங்கள். டேக்கை டோல் கருவி தவறுதலாகப் படித்திருக்கலாம், அல்லது உங்கள் காரை யாரோ ஓட்டிக்கொண்டிருக்கலாம். இறக்கும்போது கிலோமீட்டர் மீட்டர் உண்மையைச் சொல்லிவிடும்.

ரொம்பக் குறைவாகச் சொன்னால்...

இந்தத் தொழிலில் அடிக்கடி கேட்கும் ஏமாற்று ஒன்று உண்டு. ஐந்து பேரிடம் விலை கேட்டால், நான்கு பேர் ஏறக்குறைய ஒரே தொகை சொல்வார்கள். ஒருவர் மட்டும் பாதி விலை சொல்வார். அவரிடமே கொடுப்போம். கார் ஏறிய பிறகு போன் வரும். "டோல் கூடிடுச்சு, வரி கட்டணும், இன்னும் 15,000 அனுப்பினால்தான் வண்டி நகரும்." கார் எங்கோ ஒரு யார்டில் நிற்கும். வயதானவர்கள் பயந்துபோய் அனுப்பிவிடுவார்கள்.

பெரிய நிறுவனத்தின் பெயரைப் போலவே ஓரெழுத்து மாற்றி வைத்திருக்கும் ஆட்களும் உண்டு. ஜி.எஸ்.டி. எண்ணை வாங்கி, ஜி.எஸ்.டி. இணையதளத்தில் தட்டினால் நிறுவனத்தின் உண்மையான பெயரும் முகவரியும் தெரியும். சரக்குப் போக்குவரத்துக்கான பதிவுச் சான்றும் கேட்கலாம். முழுப் பணத்தையும் முன்கூட்டியே தர வேண்டாம். ஒரு பகுதி ஏற்றும்போது, மீதி காரை இறக்கிப் பார்த்த பிறகு. தனிநபர் செல்போன் எண்ணுக்கு அனுப்பாமல், நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள்.

நம்பர் பிளேட்டை மாற்ற வேண்டுமா?

நாலு மாதத்துக்கு வந்து போகிறவர்கள் மாற்ற வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் இருந்தால்தான் புது எண் வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் வரி ஏதாவது கட்ட வேண்டுமா என்பதை மட்டும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. கார் வந்திறங்கிய தேதிக்கு எல்.ஆர். ரசீதே சாட்சி. அதைக் காரிலேயே ஒரு நகல் வைத்திருங்கள்.

'இனி டெல்லி வேண்டாம், ஊரோடு இருந்துவிடுவோம்' என்று மனம் மாறினால் கதை வேறு. டெல்லி ஆர்.டி.ஓ.விடம் தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டிப் புது எண் பெற வேண்டும். டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு தாண்டிய டீசல் காருக்கும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் காருக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-லும், உச்ச நீதிமன்றம் 2018-லும் கட்டுப்பாடு விதித்தன. அதன் பிறகும் அந்த விஷயத்தில் உத்தரவுகள் மாறி வருகின்றன. எனவே, வயதான டீசல் கார் வைத்திருப்பவர்கள் கடைசி நேரம்வரை காத்திருக்காமல், காலத்தோடு முடிவெடுப்பது நல்லது. நாடு முழுக்கச் செல்லும் 'பி.ஹெச்.' எண் எல்லோருக்கும் கிடைக்காது. அரசு ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்கும்தான் அது.

இறங்கும்போதும் அதே பத்து நிமிடம்

நம் பெரியவர் கடைசியில் மகள் சொன்னதைக் கேட்டார். கார் லாரியில் ஏறியது. தம்பதி ரயிலில் ஊருக்கு வந்துவிட்டார்கள். பதினோராம் நாள் மாலை ஏழு மணிக்கு போன். "சார், வாலிகண்டபுரம் பைபாஸ்ல நிக்கிறேன். வந்து வண்டியை எடுத்துக்கோங்க."

"இருட்டிடுச்சே தம்பி. நீங்க சாப்பிட்டுட்டு இங்கேயே படுங்க. காலையில பார்த்துக்கலாம்" என்றார் பெரியவர். அதுதான் சரியான பதில். இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் கதவுக் கீறல் தெரியாது.

காலையில் செல்போனில் இருந்த பழைய வீடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தார்கள். முன் பம்பரில் ஒரு புதுக் கீறல். டிரைவர், "இது முன்னாடியே இருந்ததுங்க ஐயா" என்றார். பெரியவர் சண்டை போடவில்லை. வீடியோவைக் காட்டினார். டெலிவரி ரசீதில் 'முன் பம்பரில் புதிய கீறல்' என்று எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே மீதிப் பணத்தை அனுப்பினார். நிறுவனம் பம்பருக்கான செலவை ஏற்றுக்கொண்டது. அந்த ஒரு வரி இல்லாமல் 'சரியாகப் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டிருந்தால், கதை அங்கேயே முடிந்திருக்கும்.

நிறுவனம் மறுத்திருந்தாலும் வழி இருக்கிறது. சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். இந்தக் கெடு முக்கியம். ஊருக்கு வந்த சந்தோஷத்தில் பொங்கல், சிவராத்திரி என்று நாட்கள் ஓடிவிடும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்தும் புகார் சொல்லலாம். அதிலும் தீரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். இதற்காக டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் சட்டம், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது.

அன்று மதியமே பெரியவர் மனைவியை முன் சீட்டில் உட்கார வைத்துத் திருச்சிக்குக் கிளம்பினார்.

"ஏங்க, அந்த ரசீதை எங்க வெச்சீங்க?"

"பீரோவுல, பாலிசியோட சேர்த்துத்தான் இருக்கு. பங்குனியில திரும்பி அனுப்பணுமே, அதுல என்னென்ன எழுதி வாங்கினோம்னு பார்க்க வேண்டாமா?"